ஒருவரும் கேளாத கேள்வி

பத்தாண்டுகளிற் படிப்படியாகச் செய்வோமென்று 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதிக் கொடுத்த ஒரு காரியத்தை, 2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி ஒரே வர்த்தமானி அறிவித்தலாற் செய்து முடித்தது அன்றைய அரசாங்கம். இரசாயனப் பசளையும் பயிருக்குத் தெளிக்கும் நாசினிகளும் இனி இந்நாட்டுத் துறைமுகங்களில் இறங்கக்கூடாது. நாடு முழுவதும் சேதனப் பசளையைக் கொண்டே பயிர் செய்தல் வேண்டும் என்பது கட்டளை. உலகில் வேறெந்த நாடும் துணியாத சாதனையென்று மேடைகளில் அது புகழப்பட்டது. வேறெந்த நாடும் ஏன் துணியவில்லை என்று அம்மேடைகளில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து நடந்ததை நாமறிவோம். 2021இல் 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் விளைச்சல் 2022இல் 34 இலட்சமாக வீழ்ந்தது. ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை 25 கோடியாகக் குறைந்தது. இந்த வீழ்ச்சிக்கு 2022இன் எரிபொருட் பஞ்சமும் ஒரு காரணமென்பது உண்மையே. ஆனால் எரிபொருள் தீர்வதற்கு முன்னரே, 2021 - 22 காலபோகத்தில், வயல் மஞ்சளித்து நின்றதைக் கண்ணாற் கண்டவர்கள் நம் வாசகரிற் பலர். வர்த்தமானி வெளிவந்து ஏழு மாதம் நிறையுமுன்னரே, நவம்பரில், தடை நீங்கிற்று. நெற்செய்கையாளருக்கு நட்டஈடாக 4,000 கோடி ரூபா கொடுப்பதாக 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். நோய்க்கிருமி உண்டென்று இறக்க மறுக்கப்பட்ட சீனத்துச் சேதனப் பசளைக் கப்பலுக்காக 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். ஒரு பிடி பசளைகூட நம் மண்ணில் விழவில்லை. ஈற்றில், 2022 ஏப்ரில் 18ஆந் திகதி புதிய மந்திரிசபை பதவியேற்றபோது, அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவே, பசளையை நிறுத்தியது தவறென்றும், சர்வதேச நாணய நிதியத்திடம் முன்கூட்டியே போகாததும் தவறென்றும் தம் வாயால் ஒப்புக்கொண்டார்.

செத்த பாம்பை அடிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. அந்த அரசாங்கம் போய்விட்டது. அதன் தலைவர் 2022 ஜூலையில் நாட்டை விட்டே ஓட நேர்ந்தது. 2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர் மூவரும் திறைசேரியிலும் மத்திய வங்கியிலும் உயர்பதவி வகித்த சிலரும் மக்கள் வைத்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்து பொருளாதாரத்தைக் கெடுத்தார்கள் என்று தீர்ப்பும் அளித்துவிட்டது. நமக்கு இன்றுள்ள கேள்வி வேறு. ஒரு மேசையைச் சுற்றி இருபது முப்பது பேர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிற் பலர் படித்தவர்கள். வயலைக் கண்டறியாதவர்களுமல்லர், தென்மாகாணத்து விவசாயக் கிராமங்களிலிருந்தும் வடமத்திய மாகாணத்துக் குளக்கட்டுகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்குப் பின்னால் பேராசிரியர்கள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள், இளைப்பாறிய தளபதிகள் அடங்கிய ‘வியத்மக’ என்னும் அறிஞர் கூட்டமொன்றும் நின்றது. இத்தனை பேரும் கூடி, பசளை வாங்கச் சங்கக் கடைக்குப் போகும் ஒரு சாதாரண கமக்காரன் ஒரு நிமிடத்திற் கண்டிருக்கக்கூடிய ஆபத்தைக் காணத் தவறியது எங்ஙனம்?

இதற்கு ஊரில் வழங்கும் விடைகள் மூன்று. ஒரு மனிதனின் பிடிவாதம். ஒரு குடும்பத்தின் ஆட்சி. பசளை வியாபாரத்தின் தரகுப் பணம். இவற்றுள் எதையும் நாம் மறுக்க வரவில்லை. எனினும் இவ்விடைகள் நமக்கு மிகவும் வசதியானவை என்பதையும் நோக்குதல் வேண்டும். ஒருவனுடைய பிடிவாதந்தான் காரணமென்றால் அவனைத் துரத்தியதோடு நோய் தீர்ந்துவிட்டது. மேசையைச் சுற்றியிருந்த மற்றையோரெல்லாம் குற்றமற்றவராகிறார்கள். கைதட்டிய நாமும் குற்றமற்றவராகிறோம். அவ்வளவு இலகுவான கணக்கன்று இது. பிடிவாதக்காரன் ஒருவன் மேசையின் தலைமாட்டில் இருந்தால், எதிரே இருப்பவர்களுக்கு உள்ளத்தில் ஐயமாவது இருக்கவேண்டுமன்றோ? அந்த ஐயமே அங்கே பலரிடம் பிறக்கவில்லை என்பதுதான் நாம் ஆராயவேண்டியது. தலைவனுக்கு அஞ்சி வாய்மூடியவன் ஒருவனென்றால், கேட்பதற்கு எதுவுமில்லையென்று உண்மையாகவே நம்பி வாய்மூடியவர்கள் ஒன்பது பேர்.

அவர்கள் கேளாமலே ஏற்றுக்கொண்டவை எவை? முதலாவது, நம் முன்னோர் ஒரு மணி யூரியாவும் இன்றி நாட்டுக்குச் சோறு போட்டார்கள், ஆகவே நம்மாலும் முடியும் என்பது. பராக்கிரமபாகுவின் காலத்தில் இத்தீவு கிழக்குலகின் நெற்களஞ்சியமாக விளங்கிற்று என்று பள்ளிக்கூடத்திற் படித்துத் தேறிய தலைமுறையினர் அவர்கள். அந்தக் காலத்தில் எத்தனை வாய்க்கு அந்தச் சோறு போதியது என்று எவரும் கேட்கவில்லை. அதை விடுவோம், எட்டு நூற்றாண்டு பின்செல்லத் தேவையில்லை. சுதந்திரம் வந்த காலத்தில், அதாவது இரசாயனப் பசளை நம் வயல்களில் அரிதாயிருந்த அதே பொற்காலத்தில், இந்நாடு உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்டது கப்பலில் வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனவுடன் இங்கே கூப்பன் அரிசி வந்தது. 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலிற் சனங்கள் தெருவில் இறங்கியது எதற்காக? கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதற்காக. சனத்தொகை அப்போது 80 இலட்சத்துக்குச் சற்று மேல். இன்று இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்துப் புதிய நெல்லினங்களும், அந்த இனங்கள் கேட்கும் பசளையும், மகாவலித் தண்ணீரும் சேர்ந்துதான் இந்நாட்டை அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவுக்குக் கொண்டுவந்தன. கூப்பன் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சங்கக் கடை வாசலில் நின்ற கிழவிகள் இதனை அறிவார்கள். மந்திரிசபையில் அக்கிழவிகளுக்கு ஆசனமில்லை.

இரண்டாவது, வடமத்திய மாகாணத்துக் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய்க்குப் பசளையே காரணம் என்பது. அந்நோய் பெருங்கொடுமை, அதைப்பற்றி அக்கறை கொண்டவரை நாம் குறைகூறமாட்டோம். ஆனால் அந்நோயின் மூலத்தைப்பற்றி மருத்துவ ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்தும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. குடிதண்ணீரின் தன்மை, வெப்பம், நாசினிகள், உலோகங்கள் என்று பல திசைகளில் ஆராய்ச்சி சென்றது. அந்த மேசையில் மாத்திரம் அது நிரூபிக்க வேண்டாத உண்மையாயிருந்தது. இதே நம்பிக்கையின் பேரில் 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டதும், களை மூடித் தோட்டங்கள் தவித்ததும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை நீக்கப்பட்டதும் அவர்களுக்குத் தெரியாதனவல்ல. ஒருமுறை பட்ட அனுபவம் கோப்பில் இருந்தது. கோப்பை எடுத்து வரும்படி ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாவது, வேண்டிய சேதனப் பசளையை ஒரு போகத்துக்குள் இந்நாட்டிலேயே செய்துவிடலாம் என்பது. இதற்குப் பேராசிரியர் வேண்டியதில்லை; ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஓர் அந்தர் யூரியாவில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு நைதரசன் இருக்கும். ஒன்றரை என்று வைத்தாலும் அந்த 23 கிலோவைக் கொடுக்க 1,500 கிலோ கூட்டெரு, அதாவது முப்பது அந்தர் வேண்டும். ஒரு சாக்கைச் சைக்கிளில் வைத்து வயலுக்குக் கொண்டுபோனவன் இனி முப்பது சாக்கு ஏற்றவேண்டும். அந்த எருவும் உடனே பயிருக்குக் கிடைப்பதில்லை. மண்ணில் மெல்ல மெல்லக் கரைவது அது. நாட்டிலுள்ள நெல்வயல், தேயிலை, தென்னை, காய்கறித் தோட்டம் அனைத்துக்கும் இக்கணக்கைப் பெருக்கிப் பார்த்தால், எரு எங்கே, மாடு எங்கே, லொறி எங்கே என்ற மூன்று கேள்விகள் தாமாகவே எழும். அவை எழவில்லை.

வெளியே நின்றவர்கள் கேட்டார்கள் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். விவசாயப் பொருளியலாளரின் சங்கம் விளைச்சல் எவ்வளவு வீழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எச்சரித்தது. பல்கலைக்கழகங்களின் விவசாய பீடங்களிலிருந்து கடிதங்கள் சென்றன. தோட்டத்துறையினர் முறையிட்டனர். கமக்காரர் கமநல சேவை நிலையங்களின் முன்னால் மறியல் செய்தனர். அவர்களும் சேதனப் பசளையை வெறுத்தவரல்லர். கால அவகாசந்தான் கேட்டார்கள். ஆட்சியாளரிடமிருந்து வந்த மறுமொழி என்ன? இவர்கள் பசளைக் கம்பனிகளின் கையாட்கள் என்பது. விவசாய மந்திரிசாலையின் ஆலோசகராயிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் பகிரங்கமாக மறுத்துப் பேசினார். அப்பொறுப்புகளிலிருந்து அவரை நீக்கினார்கள். எதிர்க்கேள்வி ஒன்று வரும்போது அதற்கு விடை தேடாமல், கேட்டவன் யாருடைய ஆள் என்று தேடத் தொடங்கும் கூட்டம் தன் கதவைத் தானே உள்ளிருந்து பூட்டிக்கொள்கிறது.

உள்ளே இருப்பவனுக்கு இது கதவடைப்பாகத் தோன்றாது. ஒற்றுமையாகவே தோன்றும். இடப்பக்கத்தவர் தலையசைக்கிறார், வலப்பக்கத்தவரும் தலையசைக்கிறார். இத்தனை பேருக்கும் சரியெனப் பட்டது பிழையாயிருக்குமா என்று அவனும் தலையசைக்கிறான். அவனுடைய தலையசைப்பைக் கண்டு மற்ற இருவருக்கும் உறுதி பிறக்கிறது. பத்துப் பேர் ஒரே ஆளிடம் கேட்ட ஒரே கதையைச் சொல்லிவிட்டுத் தனித்தனிச் சாட்சிகளாகக் கூண்டில் ஏறினால் எந்த நீதவானும் அதனைப் பத்துச் சாட்சியமென்று எண்ணமாட்டார். மந்திரிசபைகளும் செயற்குழுக்களும் நாள்தோறும் அப்படித்தான் எண்ணுகின்றன.

இந்நோய் நமக்கே உரியதன்று. 1961 ஏப்ரில் மாதத்தில், அமெரிக்காவின் மிகச் சிறந்த மூளைகளென்று பெயரெடுத்த ஆலோசகர்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டிருந்த கென்னடி, கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் 1,400 பேரை இறக்கினார். அவர்கள் கரையேறியதும் கியூப மக்கள் காஸ்ட்ரோவுக்கு எதிராகக் கிளர்ந்தெழுவார்கள் என்பது மேசையின் நம்பிக்கை. தோற்றாலும் மலைக்குள் ஓடிக் கரந்துறையலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. இறங்கிய இடத்துக்கும் அந்த மலைக்குமிடையே ஏறத்தாழ 80 மைல் சதுப்பும் காடும் கிடந்தன. தேசப்படத்தை விரித்திருந்தாற் கண்டிருக்கலாம். மூன்று நாட்களில் எல்லாம் முடிந்தது. போனவர்களில் ஏறத்தாழ 1,200 பேர் கைதிகளாயினர். ஆலோசகரில் ஒருவரான ஆர்தர் ஷ்லெசிங்கர் என்னும் சரித்திராசிரியர், இத்திட்டம் பிழையென்று ஜனாதிபதிக்குத் தனியே எழுதிக் கொடுத்தவர். ஆனால் சபையில் அமர்ந்தபோது சில சிறு கேள்விகளுக்கு மேல் வாய் திறவாதிருந்தார். அதற்காகப் பின்னர் தம்மைத் தாமே நொந்து எழுதினார். மந்திரிசபையைச் சேராத செனற்றர் புல்பிறைற் ஒருவர் மாத்திரம் எழுந்து வெளிப்படையாக எதிர்த்தார். அமைதியாகக் கேட்டிருந்தார்கள், பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

இந்தத் தோல்வியை ஆராய்ந்து 1972இல் நூலெழுதிய யேல் பல்கலைக்கழக உளநூலறிஞர் இர்விங் ஜானிஸ் கண்டது ஒன்று. இத்தகைய தவறுகளைச் செய்வது தமக்குள் பகைத்துக்கொண்ட கூட்டமன்று. தமக்குள் நெருங்கிப் பழகி, ஒருவரையொருவர் மதித்து, அந்த இணக்கம் கெடக்கூடாதென்று விரும்பும் கூட்டம். 2021இல் நமது நாட்டில் ஜனாதிபதி தம்பி. பிரதம மந்திரியும் நிதி மந்திரியும் அண்ணன். அவ்வாண்டு ஜூலையில் நிதி மந்திரிப் பதவி இன்னொரு தம்பியிடம் போயிற்று. இதிலே மந்திரிசபை எங்கே முடிந்தது, வீட்டுச் சாப்பாட்டு மேசை எங்கே தொடங்கிற்று என்று எவராற் சொல்லமுடியும்?

பசளையோடு நிற்கவில்லை. சுதந்திரம் பெற்ற நாள்முதல் இலங்கை வெளிநாட்டுக் கடனை ஒருபோதும் தவறவிட்டதில்லை என்னும் பெருமை மத்திய வங்கியின் சுவர்களில் எழுதாத சாசனமாக இருந்தது. பெருமை நல்லதே. அந்தப் பெருமை ஒரு கொள்கையாகி, கொள்கை ஒரு குருட்டுத்தனமான போது, 2022 ஜனவரி 18ஆந் திகதி, மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இன்றி நாடு தவித்துக்கொண்டிருந்த வேளையில், 50 கோடி டொலர் முதிர்ச்சிக் கடனை ஒரு சதமும் குறையாமற் கட்டினார்கள். மூன்று மாதம் கழியுமுன், ஏப்ரில் 12ஆந் திகதி, இனிக் கட்டமுடியாது என்று உலகுக்கு அறிவித்தார்கள். கையிற் பாவிக்கக்கூடிய டொலர் ஐந்து கோடிக்கும் குறைவு என்று மே மாதத்தில் நிதி மந்திரி சொன்னார். எப்படியும் தவறப்போகும் கடனுக்குக் கடைசிக் காசையும் கொடுப்பதேன், முன்னரே கடன்காரரோடு பேசினாலென்ன என்று வெளியேயிருந்த பொருளியலாளர் கேட்டது உள்ளே தேசத்துரோகம்போல ஒலித்தது. எண்ணெய் வரிசையிற் கிழவர்கள் விழுந்து மாண்டார்கள். கடதாசி இன்றிப் பரீட்சைகள் தள்ளிப்போயின. கொழும்புப் பத்திரிகைகளிற் சில, கடதாசி கிடையாது தமது சனிக்கிழமை இதழையே நிறுத்தின. பத்திரிகை நடத்துவோருக்கு அந்தச் செய்தி எவ்வாறு சுட்டிருக்கும் என்பதை நாம் விரிக்கத் தேவையில்லை.

மேசையில் இருந்தவர்கள் செய்த பிழைக்கு மேசையில் இல்லாதவர்களே விலை கொடுத்தார்கள். மலைநாட்டைப் பாருங்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில் அது ஒருவாறு சட்டமாயிற்று. இரண்டே மாதத்தில் பசளை நின்றது. பசளையில்லாத செடி கொழுந்து விடாது. குறித்த நிறைக்குக் கொழுந்து கொண்டுவராதவளுக்கு முழுப்பேர் கிடையாது. கொழுந்துக் கூடையோடு தராசடியில் நின்ற அந்தப் பெண் கொழும்பு மேசையில் நடந்த எந்தத் தலையசைப்பையும் கண்டவளல்லள். அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பியவள் அவளே. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நகையை ஈடுவைத்து வேளாண்மை செய்தவர்கள், இரணைமடுத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சியில் விதைத்தவர்கள், வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் வைத்தவர்கள் எல்லோருக்கும் இதே கதை. ஒளித்து வைத்த யூரியாவைக் கள்ளச் சந்தையில் ஒன்றுக்குப் பத்தாக வாங்கியவர்களும் அவர்களே.

இவ்வளவும் பிறரைப்பற்றிச் சொன்னோம். நம்மைப்பற்றியும் சொல்லாவிடின் இத்தலையங்கம் நேர்மையற்றதாகும். 2005 நவம்பர் 17ஆந் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. வென்றவருக்கும் தோற்றவருக்குமிடையே இருந்த வித்தியாசம் முழு இலங்கையிலும் ஏறத்தாழ 1,81,000 வாக்குகள். அச்சுறுத்தல் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வாக்குச்சாவடிக்குப் போக விரும்பியவனும் போகமுடியாத நாள் அது. ஆனால் அச்சுறுத்தலுக்கு முன்னரே, எந்தச் சிங்களத் தலைவன் வந்தாலும் தமிழனுக்கு ஒன்றுதான் என்னும் வாசகம் நம் திண்ணைகளிலும் கூட்டங்களிலும் ஐயத்துக்கிடமின்றி உலாவிற்று. அவ்வாசகம் உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். நமது முறைப்பாடு அதுவன்று. உண்மைதானா என்று கேட்டவனை நாமும் அன்று, நீ யாருடைய ஆள் என்றே கேட்டோம். அடுத்த நாலாண்டில் வன்னியிலும் முல்லைத்தீவிலும் நடந்தவற்றுக்கு அந்த ஒரு தேர்தலையே பொறுப்பாக்கும் பேதைமை நமக்கில்லை. கேட்கப்படாத கேள்வி நம் வீட்டிலும் ஒன்று கிடந்தது என்று சொல்லவே வந்தோம்.

பரிகாரம் என்ன? இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளவேண்டுமென்று வள்ளுவர் அரசனுக்கு ஓர் அதிகாரமே வகுத்துவைத்தார். ஆனால் இடித்துரைக்க வேண்டியவனும் அரசனோடு ஒரே நினைப்பில் ஊறியவனாயிருந்தால் அவன் எதை இடிப்பான்? நல்ல மனிதரைத் தேடிப் பிடித்து மேசையில் இருத்துவதாற் பயனில்லை என்பதற்கு வியத்மகவே சான்று. பேசும் முறையை மாற்றவேண்டும். கென்னடியிடம் இதற்கும் உதாரணமுண்டு. பன்றிகள் வளைகுடாவில் அவமானப்பட்டு ஒன்றரை ஆண்டு செல்ல, 1962 ஒக்டோபரில், கியூபாவில் ருஷியா அணுவாயுத ஏவுகணைகளை வைத்தபோது, பெரும்பாலும் அதே ஆலோசகர்கள்தாம் கூடினார்கள். ஆனால் தலைவர் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. தாம் இருந்தால் தம் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்பதற்காக. சிறு குழுக்களாகப் பிரிந்து ஒருவர் திட்டத்தை மற்றவர் தாக்கும்படி விட்டார். எவர் எதைச் சொன்னாலும் அதனைக் குடைந்து கேட்கும் வேலையைத் தம் சொந்தத் தம்பியிடமும் இன்னொருவரிடமும் ஒப்படைத்தார். குண்டு போடுவதே வழியென்று முதல் நாளில் ஓங்கியிருந்த கருத்து, கேள்விகளுக்கு முன்னால் நாளுக்கு நாள் தளர்ந்து கடல் மறிப்பாக மாறிற்று. உலகம் அந்தக் கிழமையிற் பிழைத்தது.

தலைவரின் நல்ல மனசில் இதை விட்டுவிட நாம் ஆயத்தமாயில்லை. இந்நாட்டில் ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கும் ஒரு காரியத்தையே நினைவூட்ட விரும்புகிறோம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி விவசாயமும் கமநல சேவையும் மாகாண சபைக்குரிய விடயங்கள். 2021 மே 6ஆந் திகதி அந்த வர்த்தமானி வெளிவந்தபோது, ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலாவது மக்கள் தெரிந்த மாகாண சபை உயிரோடிருக்கவில்லை. வடமாகாண சபை 2018 ஒக்டோபரில் முடிந்தது. கடைசியாக எஞ்சிய ஊவா சபை 2019இல் முடிந்தது. ஒன்பது மாகாணங்களையும் ஆளுநர்கள் ஆண்டார்கள். ஆளுநரை நியமித்தவர் ஜனாதிபதி. மத்தியில் 2020இல் 145 ஆசனத்தோடு வந்த கட்சி, கூட்டாளிகளையும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு பலம் பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் 156 வாக்குகளால் 20ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, ஜனாதிபதியின் கையைக் கட்டுப்படுத்திய சபைகளையும் அகற்றிவிட்டது. கேள்வி கேட்கக்கூடிய மண்டபங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்ட பின்னர்தான் பசளை மேசை கூடிற்று.

மாகாண சபையைத் தமிழருக்கு எறிந்த எலும்புத்துண்டென்று தெற்கில் ஏளனம் செய்பவரும் உளர். வடக்கில் ஏளனம் செய்பவரும் உளர். அதன் அதிகாரக் குறைவுகளை இப்பத்திரிகை அறியாததன்று. ஆயினும் அன்று பொலநறுவையிலோ அநுராதபுரத்திலோ விவசாயிகள் தெரிந்த ஒரு மாகாண விவசாய மந்திரி, அரசாங்கக் கட்சிக்காரனாகவே இருந்தாலும், தன் வாக்காளரின் வயலிற் காலை வைத்துவிட்டு வந்து கொழும்பில் ஒரு சொல் கேட்டிருப்பான். அவனும் கேளாவிடின் அவனுடைய சபையில் எதிர்க்கட்சிக்காரன் கேட்டிருப்பான். அந்த ஒரு சொல்லின் பெறுமதி நெல்லிற் கணக்கிட்டால் 17 இலட்சம் தொன்.

2024 நவம்பரில் இந்நாட்டு மக்கள், யாழ்ப்பாணத்து மக்களும் உட்பட, ஒரே அணிக்கு 225இல் 159 ஆசனங்களைக் கொடுத்தார்கள். 2020இன் கட்சி கூட்டாளிகளைச் சேர்த்து எட்டியதை இவ்வணி தனித்தே எட்டியது. ஊழலுக்கு எதிரானவர்கள் என்று மக்கள் நம்பி வாக்களித்தார்கள். அந்நம்பிக்கையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் நேர்மையானவர்கள் கூடிய சபைக்கு இந்நோய் வராதென்று எவரும் எண்ணவேண்டாம். நாம் நேர்மையானவர்கள், ஆகவே நம்மை எதிர்ப்பவன் நேர்மையற்றவன் என்பது, நோய் முதலிற் கைவைக்கும் நம்பிக்கை. ஆகவே அரசாங்கத்திடம் நாம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். மந்திரிசபைக்குப் போகும் ஒவ்வொரு பெரிய பத்திரத்தோடும், அதனை எதிர்க்கும் வாதத்தை அத்துறை அறிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்துச் சேர்க்கவேண்டும். நிபுணர்களிடம் பெற்ற ஆலோசனையை, ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும். பூட்டிக் கிடக்கும் ஒன்பது மண்டபங்களையும், மக்கள் தெரிந்த சபைகளிடம் திறந்துவிடவேண்டும். எல்லைமீள்நிர்ணயம், புதிய தேர்தல்முறை என்ற சாட்டுகளை 2017இலிருந்து கேட்டுவருகிறோம்.

இக்கோரிக்கைகளில் முதலாவதை நம் கட்சிகளின் செயற்குழுக்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். ஏகமனதாக நிறைவேறிற்று என்று பத்திரிகைகளுக்கு அறிக்கை அனுப்புவது நம்மவருக்குப் பிடித்தமான வழக்கம். அடுத்த முறை அப்படியோர் அறிக்கை நம் காரியாலயத்துக்கு வரும்போது, எதிர்த்துப் பேசியவர் எவர், அவர் கேட்ட கேள்வி எது என்று நாம் திருப்பிக் கேட்டு எழுதப்போகிறோம்.